தீபாவளி வியாபாரம்: சின்ன ஜவுளிக்கடைக்கு வாட்ஸ்அப், கூகுள், இன்ஸ்டாகிராம்

பட்டுக்கோட்டை மாதிரி ஒரு தாலுகா ஊரில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கும் நாலு மாடிக் கடைகள் செய்கிற விளம்பரத்தைச் செய்ய வேண்டியதில்லை. லட்சம் பேர் பார்ப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏற்கெனவே கடைக்கு வந்துபோன முந்நூறு, ஐந்நூறு குடும்பங்கள் இந்த வருஷமும் வர வேண்டும், அவர்கள் சொல்லி இன்னும் சில குடும்பங்கள் சேர வேண்டும், அவ்வளவுதான். உழைப்பில் பெரும்பங்கு வாட்ஸ்அப்புக்கு, ஒரே ஒரு நாள் கூகுளுக்கு, வாரம் இரண்டு வீடியோ இன்ஸ்டாகிராமுக்கு, பணம் கட்டும் விளம்பரம் கடைசியில். இந்த வரிசையை மாற்றி, பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு போஸ்டரை வடிவமைத்து ஃபேஸ்புக்கில் பூஸ்ட் போடுவதுதான் பல கடைகளில் நடக்கிறது. அந்தப் பணத்துக்கு லைக் வரும், பில் வராது.

எதை எப்போது காட்டுவது

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதலில் கணக்கில் எடுக்க வேண்டியவர் டெய்லர். பண்டிகைக்கு இரண்டு, மூன்று வாரம் இருக்கும்போதே பெரும்பாலான டெய்லர்கள் பிளவுஸ் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அக்டோபர் 20க்கு மேல் நல்ல புடவையைக் காட்டினால், "பிளவுஸ் தைக்க ஆள் இல்லை" என்று வாடிக்கையாளர்கள் தள்ளிவிடுவார்கள். அதனால் தைக்க வேண்டிய எல்லாம் (பட்டு, சில்க் காட்டன், அளவெடுத்துத் தைக்கும் சுடிதார் மெட்டீரியல்) அக்டோபர் முதல் வாரத்திலேயே படமாக வெளியே போயிருக்க வேண்டும். உங்கள் ஊர் டெய்லர்கள் நாலு பேரிடம் "எந்தத் தேதியோடு நிறுத்துவீங்க?" என்று கேட்டு, அந்தத் தேதியை முதல் மெசேஜிலேயே சேர்த்துப் போடுங்கள். கடைசித் தேதி என்று ஒன்று உண்மையில் இருக்கும்போது, "சீக்கிரம் வாங்க" என்று கெஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது குழந்தைகள் ஆடை, ரெடிமேட் சுடிதார், நைட்டி. அக்டோபர் 18 தொடங்கி மாதக் கடைசி வரை இவற்றுக்கான நேரம். மில், கம்பெனி வேலைக்காரர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீத போனஸ் வருவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி போனஸ் என்பது ஊருக்குள் பேச்சாக இருக்கும், விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 31 சனி, நவம்பர் 1 ஞாயிறு. சம்பளமும் விடுமுறையும் சேர்கிற அந்த இரண்டு நாள்தான் கூட்டத்தின் உச்சம். அதற்குப் பிறகு வருவது வேட்டி, சட்டை, துண்டு, உள்ளாடை, கடைசி நேரப் பரிசுத் துணி. ஆண்கள் கடைசி மூன்று நாளில்தான் வருவார்கள். அவர்களுக்குப் பத்துப் படம் அனுப்ப வேண்டாம், "சட்டை 38 முதல் 44 வரை இருக்கு, இரவு 11 வரை கடை திறந்திருக்கும்" என்ற ஒரு வரி போதும்.

பலர் விட்டுவிடும் கூட்டம் ஒன்று உண்டு. போன தீபாவளிக்குப் பிறகு உங்களிடம் முகூர்த்தப் புடவையோ கல்யாண ஜவுளியோ எடுத்த வீடுகளின் பட்டியல் பில் புத்தகத்திலேயே இருக்கிறது. பெண் வீட்டுக்கு அது தலை தீபாவளி வருஷம். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, பெண்ணுக்குப் புடவை, சம்பந்தி வீட்டுக்குத் துணி என்று ஒரே வீட்டில் பெரிய பில் விழும், முடிவும் முன்கூட்டியே நடக்கும். வாட்ஸ்அப் பிசினஸில் (கடைகளுக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் செயலி) 'தலை தீபாவளி' என்று ஒரு லேபிள் போட்டு அந்த வீடுகளை அதில் சேர்த்து, செப்டம்பர் கடைசியில் தனித்தனியாகப் பேசுங்கள். இவர்களுக்குப் பொது மெசேஜ் அனுப்புவது மரியாதையாக இருக்காது. பெயர் சொல்லி, "கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவை எப்படிம்மா இருக்கு?" என்று தொடங்கும் ஒரு குரல் பதிவு நல்ல வேலை செய்யும்.

எண் சேமிப்பு

வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட், ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புவது) ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் கடை எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அந்த மெசேஜ் போய்ச் சேரும். ஸ்டேட்டஸும் அப்படியே: அவர் எண் உங்களிடமும், உங்கள் எண் அவரிடமும் இருக்க வேண்டும். ஐந்நூறு எண் வைத்திருக்கும் கடையில் பாதிப் பேர் உங்களைச் சேமிக்காமல் இருந்தால், அந்தப் பாதிப் பேருக்கு நீங்கள் அனுப்பிய எதுவும் போகவே இல்லை. "வாட்ஸ்அப்ல போட்டோம், ஒண்ணும் நடக்கல" என்பதற்கு மிகப் பொதுவான காரணம் இதுதான்.

செப்டம்பரில் ஒரு சாதாரண மெசேஜை ஒலிபரப்பிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து அந்த மெசேஜை அழுத்திப் பிடித்து 'தகவல்' பகுதியைத் திறந்தால் யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பெயர் வாரியாக வரும். அதில் வராதவர்களில் பெரும்பாலோர் எண்ணைச் சேமிக்காதவர்கள். அவர்கள் அடுத்த முறை கடைக்கு வரும்போதுதான் இதைச் சரிசெய்ய முடியும்.

பில் போடும் இடத்தில் ஒரு க்யூஆர் அட்டை வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியே அதை உருவாக்கித் தரும். ஸ்கேன் செய்தால் உங்கள் கடை அரட்டை திறந்து, "தீபாவளி புது வரவு அனுப்புங்க" என்ற வாசகம் எழுதித் தயாராக நிற்கும்படி அமைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் அனுப்பு என்று அழுத்தியதும், உங்கள் பக்கமிருந்து கடையின் தொடர்பு அட்டையை அனுப்புங்கள். அதைத் தொட்டால் சேமிக்கும் பட்டன் வரும். பில் போடும் பையன் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நம்பரை சேவ் பண்ணிக்குங்கக்கா, அப்பத்தான் படம் வரும்." சேமிக்கும் பெயரில் ஊர்ப் பெயரும் இருக்கட்டும். வெறும் முதலாளி பெயராக இருந்தால் மூன்று மாதம் கழித்து யாரென்று தெரியாமல் அழித்துவிடுவார்கள். கேட்காமல் பில்லில் இருந்து எண்ணை எடுத்துப் பட்டியலில் சேர்ப்பதைத் தவிருங்கள். வேண்டாதவர்கள் 'புகார்' பட்டனை அழுத்துவார்கள், அப்படிப் புகார்கள் சேர்ந்தால் எண் முடக்கப்படும்.

அதே காரணத்துக்காக, பத்தாயிரம் எண்ணுக்கு ஒரே நாளில் அனுப்பித் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். விலைக்கு வாங்கிய எண் பட்டியலும், அதிகாரப்பூர்வமற்ற வாட்ஸ்அப் செயலிகளும் நேராகத் தடையில் கொண்டுபோய் விடும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன் கடை எண் முடங்கினால் அந்த வருஷத்து ஆர்டர், அரட்டை, கேட்டலாக் (செயலியில் படமும் விலையுமாக ஏற்றி வைக்கும் பொருள் பட்டியல்) எல்லாம் அதோடு நின்றுவிடும். மொத்த எஸ்எம்எஸ் அனுப்புவதற்கும் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி பதிவு (அனுப்புபவர் யார் என்று முன்கூட்டியே பதிவது), அனுமதி பெற்ற வாசகம் இரண்டும் வேண்டும், அதனால் சின்னக் கடைக்கு அது தோதுப்படாது. இலவசமாக ஒலிபரப்பக்கூடிய எண்ணிக்கைக்கு வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவருகிறது. உங்கள் கணக்குக்கு என்ன வரம்பு என்று செயலியிலேயே பார்த்துவிட்டு, அதற்கேற்ப மெசேஜ்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் எப்படியும் வேண்டாம். தினம் காட்ட வேண்டியதை ஸ்டேட்டஸில் போடுங்கள்.

எல்லோரையும் ஒரே குரூப்பில் போடுவதும் தவறு. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், பெண்கள் அதை விரும்புவதில்லை. ஒருவர் "விலை ஜாஸ்தி" என்று எழுதினால் அத்தனை பேரும் படிப்பார்கள்.

படம் எடுப்பது

புடவையை வாட்ஸ்அப்பில் விற்கும்போது வரும் சண்டையில் பெரும்பகுதி நிறத்தைப் பற்றியது. "படத்துல வேற கலரா இருந்துச்சே" என்ற பேச்சு வராமல் இருக்க, கடைக்குள் டியூப் லைட்டில் எடுப்பதை நிறுத்துங்கள். காலை எட்டு முதல் பத்து மணிக்குள், கடை வாசலில், நேர் வெயில் படாத நிழலில் எடுங்கள். நேர் வெயிலில் ஜரிகை வெள்ளையாகப் பொங்கிவிடும். பாதி வெளிச்சம் வாசலில் இருந்தும் பாதி எல்இடியில் இருந்தும் விழுந்தால் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் அடிக்கும், அதனால் அந்த நேரத்தில் உள்ளே விளக்கை அணைத்துவிடுங்கள்.

போன் கேமரா எதைக் காட்டினாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அரக்கு, ராமர் பச்சை, இங்க் ப்ளூ போன்ற அடர்நிறங்கள் படத்தில் வெளிறித் தெரிவதும், சந்தனம், வெள்ளை நிறப் புடவைகள் சாம்பல் பூத்துத் தெரிவதும் அதனால்தான். திரையில் துணியின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, அடர்நிறத்துக்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள், வெளிர்நிறத்துக்கு மேலே ஏற்றுங்கள். அழகுபடுத்தும் ஃபில்டர், தானியங்கி வண்ணக் கூட்டல் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எடுத்த படத்தை விலை குறைந்த இன்னொரு போனுக்கு அனுப்பி, துணியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளர் பார்க்கப்போவது அந்த மாதிரித் திரையில்தான். மயில் கழுத்து, வாடாமல்லி இரண்டும் எந்தக் கேமராவிலும் முழுதாகப் பிடிபடாது. அவற்றுக்குக் கீழே "நேரில் இன்னும் கொஞ்சம் அடர்த்தி" என்று எழுதிவிடுவது நல்லது.

ஒரு புடவைக்கு நாலு படம். முந்தானை தொங்கும்படி முழு விரிப்பு ஒன்று. பார்டர் நெருக்கமாக, அகலம் தெரிய ஒரு கை பக்கத்தில் இருக்கும்படி ஒன்று. பிளவுஸ் துணி ஒன்று. கடைசியாக, புடவையின் உள்பக்கம். புட்டா வைத்த புடவையில் உள்பக்க நூல் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவர்கள் உண்டு. அதை நீங்களே காட்டினால் உங்கள் மேல் நம்பிக்கை வரும். கூடவே இருபது வினாடி வீடியோ ஒன்று: துணியைக் கையில் கசக்கி விட்டு, எப்படி விழுகிறது என்று காட்ட வேண்டும். பூனமா, காட்டனா, செமி சில்க்கா என்பதை அதில்தான் பெண்கள் முடிவு செய்வார்கள். அனுப்பும்போது ஹெச்டி என்பதை அழுத்தி அனுப்புங்கள், இல்லாவிட்டால் நெசவு கலங்கிவிடும்.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் கோட் எண்ணும் விலையும் எழுதிய சின்ன அட்டை தெரிய வேண்டும். அட்டை துணி மேல் வேண்டாம், பக்கத்தில். "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க" என்று மறைப்பதால் பக்கத்துக் கடைக்காரருக்கு விலை தெரியாமல் போகாது, அவர் ஆள் விட்டு விசாரித்துக்கொள்வார். கூச்சப்படும் வாடிக்கையாளர்தான் கேட்காமல் போய்விடுவார். விலை ஜிஎஸ்டி சேர்த்ததாக இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ₹2,500 வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அந்த எல்லையை ஒட்டி விலை வைக்கும்போது கவனம் வேண்டும்.

குழந்தைகள் ஆடைக்கு 'சைஸ் 22' என்று போட்டால் போதாது, கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். அளவு நாடாவை வைத்து நீளம், மார்பு இரண்டையும் இஞ்சில் எழுதுங்கள். வயது எழுதாதீர்கள். ஐந்து வயது என்று நம்பி வாங்கிப் பத்தாமல் திரும்பக் கொண்டுவருவது தீபாவளிக்கு முதல் நாள் இரவில் நடக்கும்.

பெயரிலும் நேர்மை வேண்டும். காஞ்சிபுரம் பட்டு, மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. செமி சில்க்கை 'காஞ்சிப் பட்டு' என்று தலைப்பிட்டு அனுப்பினால் அந்த மெசேஜே உங்களுக்கு எதிரான எழுத்துப்பூர்வ சாட்சியாக நிற்கும். 'செமி சில்க், டெஸ்டட் ஜரிகை' என்று எழுதினாலும் வாங்குபவர்கள் வாங்குவார்கள்.

என்ன எழுதுவது

வாழ்த்து, தீபம், மத்தாப்பு எல்லாம் கொண்ட போஸ்டரை யாரும் திறந்து படிப்பதில்லை, அன்று அதே மாதிரி இருபது வந்திருக்கும். பேசுவது போல எழுதுங்கள்:

"வணக்கம்க்கா. சில்க் காட்டன் புதுசா வந்திருக்கு. ₹1,150. ராமர் பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள், மொத்தம் 9 பீஸ்தான். பிளவுஸ் துணி சேர்ந்தது, ஃபால்ஸ் நாங்களே தச்சுத் தர்றோம். பிடிச்சிருந்தா கோட் நம்பர் அனுப்புங்க, நாளை ராத்திரி வரை எடுத்து வைக்கிறோம். மெசேஜ் வேண்டாம்னா 'வேண்டாம்'னு போடுங்க, நிறுத்திடுறோம்."

இதில் தள்ளுபடி இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய கடையின் ஐம்பது சதவீதத்தோடு சின்னக் கடை மோத முடியாது, மோதவும் கூடாது. எடுத்து வைப்பது, ஃபால்ஸ், பண்டிகை முடிந்தும் சைஸ் மாற்றித் தருவது, வீட்டுக்கு நாலு புடவை அனுப்பிப் பார்த்து எடுக்கச் சொல்வது, இவைதான் பெரிய கடையால் செய்ய முடியாதவை. குலுக்கல் பரிசு அறிவிக்க ஆசை வந்தால் முதலில் ஒரு வக்கீலைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பரிசுத் திட்டங்களைத் தடை செய்ய 1979லேயே சட்டம் வந்திருக்கிறது. கடையில் ஓரமாகப் பட்டாசும் வைத்திருந்தால் அதை ஆன்லைனில் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டாம், பட்டாசு ஆன்லைன் விற்பனையை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது.

அனுப்பும் நேரம்: வீட்டில் இருக்கும் பெண்களுக்கு மதியம் இரண்டு முதல் நாலு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு ஒன்பதரைக்கு மேல். அதிராம்பட்டினம், மதுக்கூர் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவே குறைவு, அவர்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். சவூதி, குவைத், கத்தாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு ஒன்பதரைக்கு நீங்கள் அனுப்புவது சிங்கப்பூரில் நள்ளிரவு. அவர்கள் வாங்குவது ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும், அதனால் வீடியோ கால் ஒன்றில் இருவரையும் சேர்த்துக் காட்டிவிட்டால் ஒரே பேச்சில் முடியும்.

கூகுளும் இன்ஸ்டாகிராமும்

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம், ஒரு நாள் வேலை. பெயர்ப்பலகை, தெரு, ஷட்டர் திறப்பது, பில் போடும் இடம் எல்லாம் தெரிய ஒரே தொடர் வீடியோவாகச் சரிபார்ப்புக்குக் கேட்பார்கள். பரிசீலிக்கச் சில நாள் ஆகும், ஏதாவது குறை என்றால் மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். அங்கே செய்யும் மிகப் பயனுள்ள காரியம் 'சிறப்பு நேரம்' போடுவது. அக்டோபர் கடைசியில் இரவு பதினொன்று வரை கடை திறந்திருந்தும் கூகுளில் ஒன்பதுக்கு மூடியது என்று காட்டினால், பஸ் ஏற நினைத்தவர் வரமாட்டார். வாடிக்கையாளரிடம் ரிவ்யூ கேளுங்கள், அதற்குப் பதிலாகத் தள்ளுபடி தராதீர்கள், கூகுள் விதி அதை அனுமதிப்பதில்லை.

இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்கு சினிமாப் பாடல்கள் பெரும்பாலும் கிடைக்காது. வேறு வழியில் சேர்த்தால் ஒலி முடக்கப்படலாம். உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். "இது சில்க் காட்டன், பார்டர் நாலு இஞ்ச், துவைக்கும்போது முதல் தடவை தனியாப் போடுங்க" என்று கடைக்காரர் பேசும் முப்பது வினாடி வீடியோ ஊர்க்காரர்களுக்குப் பாட்டைவிட நெருக்கமாக இருக்கும். ஊர்ப் பெயரை லொகேஷனிலும் எழுத்திலும் சேர்க்க வேண்டும். கூட்டத்தைக் காட்டுகிறேன் என்று வாடிக்கையாளர் முகத்தையோ குழந்தைகளையோ கேட்காமல் எடுத்துப் போடாதீர்கள். சொந்தக்காரருக்குத் தெரியாமல் துணி எடுக்க வந்தவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்.

'நம்ம ஊர்' என்ற பெயரில் இருக்கும் பக்கங்கள் காசு வாங்கிக்கொண்டு ரீல் போடும். கொடுப்பதற்கு முன் அவர்களின் இன்சைட்ஸ் பக்கத்தைத் திறந்து, பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். முதல் இடத்தில் சென்னையும் கோயம்புத்தூரும் இருந்தால் அது உங்களுக்கு உதவாது. ரீல் எத்தனை நாள் பக்கத்தில் இருக்கும், விளம்பரம் என்று குறிப்பிடுவார்களா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் விளம்பரம்

ஒரே ஒரு விளம்பரம் போதும். நன்றாக ஓடிய வீடியோ ஒன்றை எடுத்து, 'வாட்ஸ்அப் மெசேஜ்' வருவதை நோக்கமாகத் தேர்ந்தெடுத்து, கடை இருக்கும் இடத்தில் பின் குத்தி 12 முதல் 15 கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். 'தமிழ்நாடு' என்று விட்டால் சேலத்தில் இருந்து "விலை?" என்று மெசேஜ் வரும், அதற்கும் நீங்கள்தான் காசு கட்டியிருப்பீர்கள். புதிய விளம்பரக் கணக்கில் பணம் கட்டும்போது தடங்கல் வருவது சகஜம், செப்டம்பரிலேயே நூறு ரூபாய்க்கு ஒன்று ஓட்டிப் பாருங்கள்.

செலவை முன்கூட்டிக் கணக்குப் போடுங்கள். நாளுக்கு ₹300 வீதம் பத்து நாள் என்றால் ₹3,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ₹540. உதாரணமாக அதில் 60 பேர் மெசேஜ் செய்து 15 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பில்லுக்கு விளம்பரச் செலவு ₹236. ₹1,200 பில்லில் உங்கள் லாபம் 20 சதவீதம் என்றால் ₹240, கையில் மிஞ்சுவது நாலு ரூபாய். இந்தக் கணக்கு ₹300 நைட்டிக்கு ஒத்துவரவே வராது என்பது இதிலேயே தெரியும். புதுக் குடும்பம் ஒன்று உள்ளே வந்து வீட்டுக்கே துணி எடுக்கும் வாய்ப்புள்ள பொருளை மட்டும் விளம்பரப்படுத்துங்கள். ஜிஎஸ்டி எண்ணை விளம்பரக் கணக்கில் சேர்த்தால் அந்த ₹540ஐ நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருப்பவர்களுக்கு அது கிடையாது.

அந்தப் பத்து நாளும் அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் 3, 4 தேதிக்கும் இடையில் இருக்கட்டும், அதோடு விளம்பரம் நிற்கட்டும். கடைசி நாட்களில் பெரிய கடைகள் எல்லாம் பணத்தைக் கொட்டுவதால் அதே ஆளைப் பிடிக்கக் கூடுதல் செலவாகும். அதோடு, வருகிற மெசேஜுக்குப் பதில் போட உங்கள் கடையில் அப்போது ஆள் இருக்காது.

பதிலும் எடுத்து வைப்பதும்

இத்தனையும் சரியாகச் செய்த கடையும் தோற்பது இங்கேதான். கடையில் கூட்டம், போன் கல்லாவில், அறுபது மெசேஜ் படிக்காமல் கிடக்கிறது. ஒருவரை இதற்கென்றே ஒதுக்குங்கள். வீட்டுப் பெண்ணோ, கல்லூரி விடுமுறையில் இருக்கும் பிள்ளையோ, வீட்டில் இருந்தபடியே செய்யலாம். வாட்ஸ்அப்பில் முதன்மைப் போனோடு இன்னும் நாலு சாதனங்கள் வரை இணைக்கலாம். விலை, வழி, அளவு, சைஸ் மாற்றும் விதி போன்ற பதில்களை 'விரைவுப் பதில்' ஆகச் சேமித்தால் சாய்கோடு தட்டியதும் வந்துவிடும். கடை நேரத்தில் பத்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். முடியாத நாட்களில் "கடையில் கூட்டம், இரவு பத்துக்குள் பதில் தருகிறோம்" என்று தானியங்கிப் பதில் வைத்து, சொன்னபடி பத்துக்குள் போடுங்கள்.

இரட்டை விற்பனைதான் பெரிய ஆபத்து. வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு "எடுத்து வைக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதே பீஸைக் கடையில் நிற்பவருக்கு விற்றுவிடுவார்கள். கோட் போட்ட பீஸ்களைப் பொது அலமாரியில் வைக்காதீர்கள், தனி ரேக். ஒருவர் கேட்டதும் பீஸ் கவருக்குள் போக வேண்டும், கவர் மேல் பெயர், கோட், நேரம். கல்லா நோட்டிலும் அதே வரி. இதற்குக் காகித நோட்டுதான் சரி, நெரிசலில் யாரும் செயலியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் வராவிட்டால் ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு அலமாரிக்குத் திருப்புங்கள். கடைசி ஐந்து நாள் ₹200 முன்பணம் இல்லாமல் எடுத்து வைக்க வேண்டாம். இரவு கடை சாத்தியதும் விற்றவற்றைக் கேட்டலாக்கில் மறைத்து, ஸ்டேட்டஸில் இருந்து நீக்கிவிடுங்கள். கேட்டலாக்கில் 500 பொருள் வரை ஏற்றலாம் என்றாலும் நாற்பது, ஐம்பதுக்கு மேல் போனால் சின்னக் கடையால் பராமரிக்க முடியாது. புதிதாக ஏற்றுவது பரிசீலனைக்குப் பிறகே தெரியும் என்பதால் அவசரச் சரக்கை ஸ்டேட்டஸில் போடுங்கள்.

பணம் வந்ததா என்பதை வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. போலியாகச் செய்வது எளிது. உங்கள் வங்கிக் கணக்கிலோ சவுண்ட்பாக்ஸிலோ உறுதியான பிறகே கவர் கைமாற வேண்டும். பணம் பெற யூபிஐ பின் எண் தேவையே இல்லை, "பின் போட்டால் பணம் வரும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். இதை வேலைக்கு வந்த புதுப் பையனுக்கும் சொல்லி வையுங்கள்.

வெளியூருக்கு அனுப்புவதென்றால் அக்டோபர் 30ஐக் கடைசித் தேதியாக அறிவித்துவிடுங்கள். அதன் பிறகு கூரியர் அலுவலகங்களில் மூட்டை குவிந்து கிடக்கும், எத்தனை நாளில் போகும் என்று யாரும் உறுதி தர முடியாது. பக்கத்து ஊர்களுக்கு பஸ் பார்சல் கடைசி வரை ஓடும்.

பண்டிகை முடிந்த திங்கள், செவ்வாயில் சைஸ் மாற்ற வருவார்கள். "பில்லோட வாங்க, புதன் வரைக்கும் மாத்தித் தர்றோம்" என்று ஞாயிறு இரவே ஸ்டேட்டஸ் வையுங்கள். மாற்ற வருபவர் இன்னொன்றும் எடுக்கும் பழக்கம் உண்டு. பிறகு அரட்டைகளைத் திறந்து, "இல்லைங்க்கா, தீர்ந்துடுச்சு" என்று நீங்கள் பதில் போட்டவற்றை மட்டும் ஒரு லேபிளில் சேருங்கள். எந்த நிறம், எந்த விலை, எந்த அளவு கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி, பொங்கல் கொள்முதலுக்கு ஈரோட்டுக்கோ இளம்பிள்ளைக்கோ போகும்போது கையில் எடுத்துச் செல்லுங்கள். சரக்கு வந்ததும் முதல் மெசேஜ் அந்த லேபிளில் இருப்பவர்களுக்குப் போகட்டும்.